இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகராட்சியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். என் அக்கா அதே நகராட்சியில் மின்சாரப் பிரிவு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், ஆனால் ஊர் எங்களை நடத்திய விதம் வேறு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆட்கள் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போவார்கள். கரண்ட் போனால் மட்டும் ஃபோனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பாருங்கக்கா" என்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஊரில் அவளுக்கு 'ஃபோனக்கா' என்றே பெயர். எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

எங்கள் ஊர் மின்சாரம் எங்கள் ஊருக்கே சொந்தமாக இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிக்காரர்கள், இத்தனூண்டு ஊருக்கு லைன் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார்களாம். நகராட்சித் தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, எங்கிருந்தோ இரண்டு டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்து நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் ஷெட் போட்டு ஓட்டிவிட்டார். பிற்பாடு எஞ்சின்கள் ஓய்ந்தன. வெளியிலிருந்து மொத்தமாக வாங்கி அதே ஷெட்டிலிருந்து ஊருக்குள் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் கம்பம் எங்களுடையது, கம்பி எங்களுடையது, கரண்ட் போனால் பதில் சொல்கிற ஆளும் எங்கள் ஆள்தான்.

அந்தக் கம்பங்களுக்கு நம்பர் போட்ட அழகைச் சொல்ல வேண்டும். தெரு வரிசையில் போடவில்லை. நட்ட வரிசையில் போட்டார்கள். ஒன்றாம் கம்பம் ஷெட் வாசலில். இரண்டாவது தலைவர் வீட்டுக்கு எதிரே. அது எப்படி என்று கேட்காதீர்கள். ஊர் வளர வளர எங்கே புதிதாக நட்டாலும் அடுத்த நம்பர். அதனால் அறுபத்தேழுக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நிற்கும், அதற்குப் பக்கத்தில் நானூற்று ஒன்பது நிற்கும். வெளியாள் யாராவது வந்தால் தலை சுற்றிப்போவார். எங்களுக்கு அது பழகிவிட்டது. கதவு எண்ணைவிடக் கம்ப எண்தான் விலாசம். நூறுக்குக் கீழே கம்பம் உள்ள வீட்டுக்காரர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அக்கா இருபத்திரண்டு வயதில் புகார் அறையில் உட்கார்ந்தாள். அறை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கறுப்பு ஃபோன், ஒரு நோட்டு, ஷெட்டைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல். நாற்காலியின் ஒரு கால் குட்டை, அதற்கு மடித்த அட்டை. ஃபோனை எடுத்தால் ஹலோ என்று சொல்லமாட்டாள். "கம்ப நம்பர் சொல்லுங்க" என்பாள். வீட்டிலும் அதே புத்திதான். நான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பயந்து பயந்து சொன்னபோது பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எந்தக் கம்பம்?" என்றாள். சொன்னேன். "அங்க லோ வோல்டேஜ் ஆச்சேடா" என்றாள்.

அவளுடைய வேலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து அவளைக் கூப்பிட வேண்டும். அவள் ஜன்னல் வழியாக ஷெட்டுக்குச் சத்தம் போட்டு லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "கம்பம் இன்னது, லைன் செத்தாச்சு, ஏறலாம்" என்பாள். அந்தக் குரல் கேட்காமல் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். அதோடு விடமாட்டாள். ஏறினவர் இறங்கி வந்து தன் வாயால் சொல்கிறவரை ரிசீவரைக் கீழே வைக்கமாட்டாள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் எங்கள் ஊரில் கம்பத்தின் மேல் ஒரு உயிர் போகவில்லை.

அப்படி இறங்கி வந்து சொன்னவர்களில் ஒருத்தர், சொல்லி முடித்தபிறகும் ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். அவர்தான் எங்கள் மாமா. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் குடிபோன வீட்டுக்கு எதிரே ஒரு கம்பம் தேவைப்பட்டது. மாமாவே குழி தோண்டி, தூக்கி நிறுத்தி, கறுப்பு பெயின்டால் 212 என்று எழுதினார். ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதைக் காட்டி அக்கா வருஷக்கணக்காக அவரைக் கேலி செய்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

பிறகு நகராட்சி மன்றத்தில் ஒருநாள் கை தூக்கினார்கள். ஒன்பது கை இந்தப் பக்கம், நாலு கை அந்தப் பக்கம். அறுபத்தைந்து வருஷத்து மின்சாரப் பிரிவு ஒரு கம்பெனிக்குப் போனது. நான் வெளியே நின்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? நியாயமாகச் சொன்னால் கம்பிகள் எல்லாம் நைந்து கிடந்தன, பழைய ஆட்கள் ஓய்வுபெற்ற இடத்தில் புது ஆள் போடவில்லை, யாரையும் குறை சொல்லவும் முடியாது. அக்காவுக்கு இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருந்தது. முன்கூட்டியே ஓய்வு என்று ஒரு காகிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புகார் ஃபோனை எடுக்கிற வேலை வேறு ஏதோ ஒரு நகரத்துக்குப் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு கம்பத்திலும் ஏணி வைத்து அலுமினியத் தகடு அடித்தார்கள். இந்தத் தடவை தெரு வரிசையில் நம்பர். அக்கா வீட்டுக் கம்பம் ஐம்பத்தேழு ஆனது. மாமா எழுதின 212 அதற்குக் கீழே அப்படியே இருந்தது. ஊரில் ஒருத்தரும் தகட்டை அண்ணாந்து பார்க்கவில்லை.

மாமாவுக்கு அதற்குள் நுரையீரல் கெட்டுவிட்டது. கம்பத்துக்கு மேலே குடிக்க முடியாத சிகரெட்டை எல்லாம் சேர்த்துக் கீழே குடித்தவர். டாக்டர் ஓர் ஆக்ஸிஜன் மெஷினைக் கொடுத்து, இருபத்துநாலு மணி நேரமும் இது ஓட வேண்டும் என்றார். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே கிடக்கும். கரண்ட் போனால் ஒரு சிலிண்டர் உண்டு, ஒன்றரை மணி நேரம் தாங்கும். பழைய காலமாக இருந்தால் இந்த மாதிரி வீடுகளை அக்கா தன் தலைக்குள்ளேயே வைத்திருப்பாள். லைனை நிறுத்துவதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்வாள், அங்கே முதலில் ஆள் போகும். கம்பெனியில் அதற்கு ஒரு விண்ணப்பம் இருந்தது. இரண்டு தடவை கொடுத்தோம், இரண்டு தடவையும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

அன்று பகல் ஒன்றரை மணிக்குக் காற்று அடித்தது. அரை மணி நேரக் காற்றுதான், ஆனால் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. மூன்று குழாய் உடைந்து நான் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கரண்ட் போய் மெஷின் ஓடவில்லை. மாமா சிலிண்டர் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். அக்கா புகார் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வருவாங்கடா. சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அவள் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. பணியாளர்கள் உங்கள் இடத்தை அடைந்துவிட்டார்கள் என்று. நான் வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒடிந்த கிளைகள் கிடந்தன. ஒரு மனுஷன்கூட இல்லை. தெருமுனை வரை போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு மாமா கையை ஆட்டினார். "அதான் வந்துட்டாங்கன்னு இருக்கே. லைன்காரன் வண்டியிலேர்ந்து இறங்கி, கயிறெல்லாம் எடுக்க வேண்டாமா? எங்க ஆளுங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியும், குழாய்க்காரா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

மாமாவோடு வேலை பார்த்த நெட்டை என்கிறவர் எதிர் வீட்டில் இருந்தார். அவர் வந்து கம்பத்தைப் பார்த்தார். "ஃபியூஸ்தான் போயிருக்கு. ஏறி அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவேன்" என்று ஏணியையும் கொண்டுவந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது அவருக்கு. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவர் இரண்டு படி ஏறினார். ஜன்னல் வழியாக மாமா பார்த்துவிட்டார்.

"இறங்கு" என்றார். சத்தம் வரவில்லை, வாயசைவுதான் தெரிந்தது. நெட்டை இறங்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார். "லைன் செத்தாச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் மாமா.

"கரண்டே இல்லையேப்பா."

"இப்ப இல்ல. அங்க ஒருத்தன் பட்டனை அமுக்கினா வந்துடும். எங்கேர்ந்து அமுக்கறான்னு உனக்குத் தெரியுமா? எனக்காக நீ கருகிச் சாக வேண்டாம். ஏறாதடா."

நெட்டை அக்காவைப் பார்த்தார். அக்கா ஃபோனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காத்திருங்கள் என்று ஒரு குரல், மறுபடி பாட்டு. முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேரை ஏறலாம் என்று ஏற்றிவிட்டவள், அன்று ஒரு ஆளை ஏறச் சொல்ல முடியாமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த ஏணியை எடுத்து எதன் மேலாவது வீச வேண்டும்போல இருந்தது. யார் மேல் வீசுவது?

இரண்டு ஐம்பதுக்கு இன்னொரு செய்தி வந்தது. உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று. சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்திருந்தது. அப்போதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் மரம் விழுந்து, சுற்றிக்கொண்டு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. மாமாவைத் தூக்கி வைத்தபோது அவர் அக்காவின் புறங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தட்டுவது நின்றிருந்தது.

இனி என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரியங்கள் முடிந்த மறுநாளே கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். பழைய புகார் அறையைத்தான் கண்ணாடி வைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பணியாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பத்துக்குப் போனதாகவும் அங்கே மின்சாரம் இருந்ததால் புகாரை முடித்துவிட்டதாகவும் சொன்னார். புகாரை எழுதிக்கொண்டது ஒரு பெண் என்றும் அதில் இருந்தது. புது இருநூற்றுப் பன்னிரண்டு பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிறது. ஊரின் மறு கோடி.

"ஊரே பழைய நம்பரைத்தான் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பழசா புதுசான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? ஃபோன் எடுத்த அந்தப் பொண்ணு கேட்கலை. அதனால ஒரு மனுஷன் போயிட்டாரு" என்றேன். எழுதிக் கொடுத்தேன். வார்டு உறுப்பினரை விட்டு எழுதவைத்தேன். நெட்டையிடம் கையெழுத்து வாங்கினேன். தெருவில் நூற்றுச் சொச்சம் பேரிடம் வாங்கினேன். அக்கா, "விடுடா" என்றாள். ஒருதடவை இல்லை, ஐந்தாறு தடவை. துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கம்ப நம்பர் விஷயத்தில் என் அக்கா தப்பு செய்வாள் என்று என் எதிரிகூடச் சொல்லமாட்டான்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் விசாரணைக்குப் பிறகு அனேகமாக அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். நான் பெரிய கோட்டையைப் பிடித்தவன் மாதிரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் சட்டைகள்தான், துவைத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணை நிறுத்திட்டாங்கக்கா."

அவள் கை நின்றது. "எத்தனை வருஷமா வேலை பாக்கறா?"

"வருஷமா? எட்டு மாசமாம்."

அக்கா சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வா" என்றாள்.

"எங்க?"

"பேசறதை எல்லாம் அவங்க பதிவு பண்ணி வெச்சிருப்பாங்க. போய்க் கேக்கலாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன், கேட்டா வண்டவாளம் தெரிஞ்சிடும்" என்று அளந்துகொண்டே கூடப் போனேன்.

அதிகாரி முதலில் தயங்கினார். பிறகு, புகார் நிலுவையில் இருப்பதால் போட்டுக் காட்டலாம் என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். முதலில் அந்தப் பெண் குரல். சின்னப் பெண்தான், நிதானமான குரல். கம்ப எண் கேட்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டு" என்றது அக்காவின் குரல். பழைய ஃபோனக்காவின் குரல்தான், துளி நடுக்கம் இல்லை. "வீட்ல ஆக்ஸிஜன் மெஷின் ஓடணும். சீக்கிரம் அனுப்புங்க."

"மேடம், அது பழைய நம்பரா, புது நம்பரா? தகட்டுல இருக்கிற நம்பர்தான் வேணும்."



"கம்பத்துக்கு என்னம்மா பழசு, புதுசு? முப்பத்தோரு வருஷம் நீ கேக்கற இதே கேள்வியைக் கேட்டவ நான். இருநூத்திப் பன்னெண்டு. எழுதிக்கோ."

"ஒரு நிமிஷம் வெளிய வந்து தகட்டைப் பாத்துச் சொல்ல முடியுமா மேடம்?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கி, விட்டுவிட்டு வந்தது. "இருநூத்திப் பன்னெண்டுன்னே சொல்லு. நான் நட்ட கம்பம். அவங்களுக்குத் தெரியும்."

"கேட்டுச்சா? அதேதான்" என்றாள் அக்கா.

"சரிங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் என்ன செய்திருக்க முடியும்? அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதே நம்பரைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் நாலு வசவும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கிய கை.

அக்கா அதிகாரியைப் பார்த்து, "அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் சொல்லலை. அதை வேலைக்குக் கூப்பிட்டுக்கங்க" என்றாள். அவர் இன்றைக்கே எழுதிவிடுவதாகச் சொன்னார். எழுந்துகொள்வாள் என்று நினைத்தேன். எழுந்துகொள்ளவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

"ஏதாவது சந்தேகமாம்மா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. கடைசியில போடுங்க. அவர் பேசறாரே, அது."

போட்டார். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை அந்தப் பக்கமாக வைத்துக் கேட்டாள். மாமாவின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அவர் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்கிற ஆள். மறுபடி போடச் சொன்னாள், போட்டார். ஒரு நகல் கிடைக்குமா என்றாள். விதியில் இடமில்லை என்றார், உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க?"

"தொண்ணூறு நாள்மா. அப்புறம் தானா அழிஞ்சிடும்."

"முப்பத்தெட்டு நாள் ஆயிடுச்சு" என்றாள். "நடுவுல நான் வந்து கேக்கலாமா?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சும்மா போட்டுக் காட்ட எனக்கு அனுமதி இல்லம்மா. புகார் ஏதாவது நிலுவையில இருந்தாத்தான் இதைத் திறக்க முடியும். இன்னைக்கோட இந்தப் புகார் முடிஞ்சிடுது."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒரு புகார் குடுடா."

"இனிமே யார் மேலக்கா குடுக்கறது?"

"என் மேல குடு" என்றாள். "தப்பு நம்பர் சொன்னேன்னு."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார். நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.